புல்லை மட்டும் விட்டுவைத்த விஷம்

அத்தியாயம் 6

மடியில் அவரைச் செடித் தொட்டியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியின் பின்சீட்டில் போகிற ஐம்பத்திரண்டு வயது ஆளை ஓசூர் பஸ் ஸ்டாண்டு எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை திருமலையைப் பார்த்தது. இருபத்தாறு வருஷம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் மனைவி தினமும் ரேஷன் கடைக்குத் துரத்துகிறாளே என்று துப்பறியும் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். துப்பாக்கி, மாறுவேடம் என்று என்னென்னவோ கனவு கண்டு வந்தவருக்குக் கிடைத்தது மண் தொட்டி.

வண்டியை ஓட்டியவள் மோகனப்ரியா. பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த நிலையத்தின் முதலாளி, துப்பறிபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அவள்தான். அதற்கு முன் பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, செத்த மாடு உண்மையிலேயே செத்த மாடுதானா என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தவள். இன்னொரு தொட்டி அவள் காலடியில் இருந்தது.

"எதுக்கு மேடம் ரெண்டு? ஒண்ணு செத்தா இன்னொண்ணு சாட்சி சொல்லுமா?" என்றார் திருமலை.

"கிட்டத்தட்ட அதேதாங்க. பத்திரமாப் புடிங்க."

திருமலை உடனே இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார். மடியில் இருப்பது ஏ ஷிப்ட், காலடியில் இருப்பது பி ஷிப்ட்.

வழக்கு இதுதான். வசந்தா கார்டன் என்பது தொழிற்சாலைக்காரர்கள் இடம் வாங்கிக் கட்டிக்கொண்ட காலனி. அதன் சங்கச் செயலாளர் கமலக்கண்ணன், ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். அவர் மனைவி பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டையொட்டிய காலி மனையில் அறுபது செடி வைத்து, ஒரு சொட்டு ரசாயனம் படாமல் வளர்த்து, காலனியே கண் போடும்படி காய் பறித்தவர். அந்தத் தோட்டம் நாலே நாளில் முறுக்கிக்கொண்டு சாகக் கிடந்தது. காலனித் தோட்டக்காரன் முனிவேலின் தட்டுமுட்டு அறையில் களைக்கொல்லி பாட்டில் ஒன்று அகப்பட்டது. மாரியம்மன் பண்டிகைக்கு லீவு கேட்டு, கமலக்கண்ணன் மறுத்து, முனிவேல் முணுமுணுத்துக்கொண்டு போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேறென்ன வேண்டும்? பிள்ளையார் கோயில் மைக்கைப் பிடித்துக் கமலக்கண்ணன் நாலு தெருவுக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டார். பச்சைப் பயிரைக் கொன்ற பாவி இனி இந்தக் காலனியில் இருக்கக் கூடாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம்.

முனிவேல் குடும்பம் இருப்பது பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் சங்கம் கொடுத்த ஒற்றை அறையில். வேலை போனால் அறையும் போகும். பத்தாவது படிக்கிற மகளின் பள்ளிக்கூடமும் போகும். சாட்சியில்லாமல் ஒருத்தனை வெளியே தள்ளினால் அந்தப் பாவம் நம் வாசலில்தான் விழும் என்று பேச்சியம்மாள் இரண்டு நாள் சோறு பொங்காமல் அடம்பிடித்ததால்தான் கமலக்கண்ணன் வேண்டாவெறுப்பாக மோகனப்ரியாவுக்குப் போன் போட்டிருந்தார்.

அவர்கள் போனபோது கமலக்கண்ணன் வாசலில் தன் மோட்டார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் புள்ளி போட்ட சிவப்புத் துணியால் டேங்க், ஹேண்டில்பார், சைலன்சர் வரை துடைத்து, மடித்து, சீட்டுக்கடியில் செருகினார். திருமலைக்கு அந்த மனிதரை அந்த ஒரு காரியத்துக்காகவே பிடித்துப்போயிற்று. மிஷினைத் துடைக்காமல் தொடாத ஆள் என்றால் நல்ல பட்டறையில் வளர்ந்தவர் என்று அர்த்தம்.

தோட்டத்தைப் பார்த்ததும் திருமலைக்குக் கிண்டல் மறந்துவிட்டது. தக்காளியின் தண்டு கயிறு திரித்ததுபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. அவரை இலைகள் சுருண்டு கவிழ்ந்திருந்தன. ரோஜாவின் கொழுந்துகள் குச்சி குச்சியாக நீண்டு கோணியிருந்தன. ஈரல் நோய்க்காரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறவர்போல அவர் நின்றார்.

"மொதல்ல போனது இந்தக் கறிவேப்பிலைதாம்மா. மறுநாளு தக்காளி. ஒண்ணொண்ணா எம் முன்னாலயே சாவுது" என்றார் பேச்சியம்மாள். குரல் உடைந்தது. மறைக்கவும் இல்லை.

மோகனப்ரியா செத்த செடிகளைப் பார்க்காமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து உயிரோடு இருந்தவற்றைப் பார்த்தாள். பாத்தி ஓரம் நாலு மக்காச்சோளம் திடமாக நின்றது. சின்ன வெங்காயத் தாள் நிமிர்ந்து நின்றது. அருகம்புல் அநியாயத்துக்குச் செழித்திருந்தது.

"திருமலைண்ணா, களைக்கொல்லி எதைக் கொல்லணும்?"

"களையத்தான்."

"இங்க களை மட்டும்தான் உயிரோட இருக்கு."

திருமலை அருகம்புல்லை முறைத்தார். கொள்ளையடிக்க வந்தவன் பீரோவை விட்டுவிட்டு வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன கதையாக இருந்தது.

அடுத்து அவள் போனது சன்ஷேடுக்கு அடியில் மழைத்தூறல் படாமல் வைத்திருந்த மிளகாய்த் தொட்டிகளுக்கு. இலைகளின் மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்து, மோரா என்று கேட்டாள். புளித்த மோர்தான், பூச்சி அண்டாமல் இருக்கத் தெளிப்பது என்றார் பேச்சியம்மாள். பத்து நாள் புளிக்கவைத்து அவர் கொடுப்பாராம். வேப்பங்கொத்தை முக்கிக் கணவர் தெளிப்பாராம். போன திங்கட்கிழமையும் கம்பெனிக்கு பி ஷிப்ட் போகும் முன் அரைமணி நேரத்தில் தெளித்துவிட்டார் என்று சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மோகனப்ரியா அந்த வெள்ளைப் புள்ளிகளைத் திருமலைக்குக் காட்டினாள். கடுகைவிடச் சின்னதாக, ஒரே அளவில், இலை முழுக்க அச்சடித்ததுபோல் இருந்தன. திருமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புறப்படும்போது கமலக்கண்ணன் ஒரு பை தக்காளி கொடுத்தார். வெம்பினாலும் ரசத்துக்கு ஆகும் என்றார். திருமலை கை நீட்டுவதற்குள் மோகனப்ரியா பையை வாங்கித் திண்டின் மேல் வைத்துவிட்டு, இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கொத்தமல்லித் தழைகூட யாரும் வாயில் வைக்கக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். நாலு நாளாக அதே தக்காளியைத்தான் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம் என்று பேச்சியம்மாள் நினைவு வந்து நெஞ்சில் கை வைத்தார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் திருப்பி வாங்கப் புறப்பட்டார்.

முனிவேல் பேட்மிண்டன் மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். வேலையை நிறுத்திவைத்த பிறகும் களைக்கொத்து கையில் இருந்தது. ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்றவன், நான் செய்யலீங்க என்பதைத் தவிர வேறெதையும் சொல்லத் தயாராக இல்லை. மோகனப்ரியா மருந்து பாட்டிலைப் பற்றி விசாரித்தாள். சங்கமே வாங்கிக் கொடுத்ததுதான், மைதான ஓரத்துக் கோரையையும் புல்லையும் ஒழிக்க. அவன் கை காட்டிய இடத்தில் புல் அத்தனையும் வைக்கோலாகக் காய்ந்து கிடந்தது. ஓரத்தில் நின்ற எருக்கும் காய்ந்திருந்தது. பச்சை என்று ஒன்று பாக்கியில்லை.

"நானும் சொல்லிக்கினுதான் மேடம் இருக்கறேன்" என்றான் முனிவேல். "என்னுது அடிச்சா மொதல்ல புல்லுதான் போவும். அந்தம்மா தோட்டத்துல புல்லு அப்படியே நிக்குது. செடியக் கொன்னுட்டு புல்ல வெப்பனா? அந்தப் புல்லையும் நாளைக்கு நான்தான மேடம் புடுங்கணும்?"

திருமலை அவனை அன்றே விடுதலை செய்துவிட்டார். ஆனால் சங்கக் கூட்டத்தில் திருமலைக்கு ஓட்டு கிடையாது. விஷம் என்றால் எல்லாம் விஷம்தானே என்று கமலக்கண்ணன் ஒரே வாக்கில் அடித்துவிடுவார் என்று மோகனப்ரியா சொன்னாள். நிஜ விஷம் எதுவென்று காட்டினால்தான் இவன் தப்புவான். புல்லையும் சோளத்தையும் தொடாமல் அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்கிற மருந்து ஒன்று உண்டு. அதை யார் வாங்குவார்கள்?

"பயிரே புல்லு ஜாதியா இருக்கறவங்க" என்றார் திருமலை. தருமபுரிக்காரர். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கேவுருக் காட்டுக்காரங்க."

காலனியில் கேழ்வரகுக் காடு வைத்திருந்தது ஒரே வீடு. அது பேச்சியம்மாளுக்கு அடுத்த வீடு. சரோஜம்மாளுக்கு ஜவளகிரியில் எட்டு ஏக்கர் இருந்தது. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், சண்டை போடத் தமிழ் என்று மூன்றையும் கச்சிதமாகப் பிரித்து வைத்திருந்தவர். சுவர் தாண்டி வந்து காய்த்த பூசணி, கொடி வைத்தவளுக்கா, சுவர்க்காரிக்கா என்ற வழக்கில் அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. திருமலைக்குக் கை பரபரத்தது. மோட்டிவ் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, சுவர்கூட இடுப்பளவுதான்.

சரோஜம்மாள் எதையும் மறைக்கவில்லை. கார் ஷெட்டைத் திறந்து, தோளில் மாட்டும் ஸ்பிரேயர்கள் இரண்டையும் இழுத்துப் போட்டார். காட்டைப் பார்த்துக்கொள்ளும் ராமப்பன் ஒன்றில் பூச்சி மருந்து அடிப்பான். இன்னொன்று களை மருந்துக்கு மட்டும். போன சனிக்கிழமை கேழ்வரகுக்கு அடித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"கண்ணில்லாதவன்கூட கண்டுபுடிப்பான். களை மருந்து டேங்க்குக்கு வார்ல செவப்புத் துணி கட்டியிருப்போம். ஜவளகிரிப் பக்கம் எல்லா ஊட்லயும் அதான் வழக்கம். செவப்புத் துணி கட்டினத எவனும் தொட மாட்டான்."

மோகனப்ரியா இரண்டு ஸ்பிரேயர்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் துணி இல்லை. ஒன்றின் வாரில் மட்டும் முடிச்சு இறுகிய தடம் இருந்தது. சரோஜம்மாளின் முகம் முதல்முறையாக மாறியது. தன் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துத் தானே கட்டியது, அவிழ வாய்ப்பே இல்லை என்றார். ஞாயிறும் திங்களும் அவர் காட்டில் இருந்திருக்கிறார். ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது. துணி இல்லாத டேங்க்கை ராமப்பன் பூச்சி மருந்துக்கு எடுத்திருந்தால் தன் தக்காளிக்காடும் போயிருக்குமே என்று அவர் சொன்ன வேகத்தில் நடிப்பு இருப்பதாகத் திருமலைக்குத் தோன்றவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அங்கேயே பரிசோதனை நடந்தது. மோகனப்ரியா கையில் பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு, தடம் இருந்த டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஏ ஷிப்ட்டின் மேல் அடித்தாள். பி ஷிப்ட்டுக்குக் குழாய்த் தண்ணீரைக் கையால் தெளித்தாள். இரண்டையும் திருமலை தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்துக் காவல் காக்க வேண்டும் என்று உத்தரவு. திருமலையின் மனைவி ரேஷன் கடையைச் சொன்னாள். அவர் உத்தியோக விஷயம் என்று தொட்டிகளைக் காட்டித் தப்பித்தார்.

சனிக்கிழமை மாலையே ஏ ஷிப்ட் தலையைத் தொங்கப் போட்டது. ஞாயிறு காலை அது பேச்சியம்மாள் தோட்டத்து அவரையைப் போலவே முறுக்கிக்கொண்டிருந்தது. பி ஷிப்ட் புது இலை விட்டிருந்தது.

"ஆயுதம் கிடைச்சிருச்சு. துணி எங்க போச்சுன்னு தெரிஞ்சா ஆள் கிடைச்சிரும்" என்றாள் மோகனப்ரியா.

ஐந்து மணிக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் தகரக் கொட்டகையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் முனிவேல் நின்றான். பக்கத்தில் அவன் மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏன் சீருடை என்று திருமலை யோசித்தார். அதைவிட நல்ல உடுப்பு இல்லை என்பது புரிந்ததும் அவருக்குத் தொட்டி கனத்தது.

மோகனப்ரியா இரண்டு தொட்டிகளையும் மேஜை மேல் வைத்து, புல் ஏன் பிழைத்தது என்பதிலிருந்து ஆரம்பித்து, விஷம் சரோஜம்மாளின் டேங்க்கிலிருந்து வந்தது என்பது வரை சொன்னாள். அவ்வளவுதான். மொத்தக் கொட்டகையும் சரோஜம்மாள் பக்கம் திரும்பியது. அன்றைக்கு முனிவேலைப் பார்த்த அதே பார்வை. எங்கேயோ பைக்கில் போய் அப்போதுதான் வந்து இறங்கிய கமலக்கண்ணன், நின்ற இடத்திலிருந்தே, பூசணிக்காய்க்காக இவ்வளவு தூரம் போவார்களா என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே நனைந்த சீட்டைத் துடைத்தார்.

திருமலை அந்தக் கையைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். சிவப்பு. மஞ்சள் புள்ளி. சுங்குடி.

இருபத்தாறு வருஷத்துப் பட்டறை அவர் கண்முன் வந்தது. லேத், டிரில்லிங், கிரைண்டிங் என்று ஒவ்வொரு மிஷின் கைப்பிடியிலும் ஒரு துணி கட்டியிருக்கும். கை துடைக்க, மிஷின் துடைக்க. அதை அவிழ்க்காமல் எந்தத் தொழிலாளியும் வேலையை ஆரம்பிக்க மாட்டான். அவர் மோகனப்ரியாவின் காதில் நாலு வார்த்தை சொன்னார். அவள் நீங்களே கேளுங்க என்று விலகிக்கொண்டாள்.

திருமலை ஓரடி முன்னால் வந்தார். "சார், ஒரு மிஷின்ல துணி கட்டியிருந்தா அது எதுக்கு?"

"இது என்ன கேள்வி? தொடைக்கதான்" என்றார் கமலக்கண்ணன்.

"உங்க கையில இருக்கறது எந்த மிஷின்ல கட்டியிருந்தது?"

கமலக்கண்ணன் கையைப் பார்த்தார். சரோஜம்மாள் எழுந்து வந்து அந்தத் துணியைப் பார்த்தார். பேச்சியம்மாள் கணவரைப் பார்த்தார்.

பிறகு எல்லாம் தானாக வந்து விழுந்தது. அறுபது செடிக்கு வேப்பங்கொத்தால் தெளித்தால் இரண்டு மணிநேரம் ஆகும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வீட்டில் ஆள் இல்லை. மிஷின் இருக்கும்போது கையால் வேலை செய்ய எந்த ஃபோர்மேனுக்கு மனசு வரும்? சுவரைத் தாண்டினார், வாரில் கட்டியிருந்த துணி துடைக்கத்தான் என்று அவிழ்த்து டேங்க்கைத் துடைத்தார், துணி நன்றாக இருக்கிறதே என்று பைக்கில் செருகினார். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற காலனி. ஒரே ஒரு செம்பு விட்டுக் குலுக்கி, அதையும் வீணாக்காமல் வழக்கம்போல் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். அதனால்தான் அது முதலில் போனது. பிறகு மோரை நிரப்பி, மிளகாய் இலையில் பார்த்த அந்த ஒரே அளவுப் புள்ளியாக அரைமணியில் அடித்து முடித்து, டேங்க்கைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். வீட்டுக்காரி பேசாத வீட்டில் எடுத்தது என்பதால் வெளியே சொல்லவில்லை. அதற்கு மேல் அவருக்கு ஒரு பாவமும் தெரியாது. தன்னைப் பிடிக்கத் தானே ஆள் வைத்திருக்கிறோம் என்பது உள்பட.

"நான் மோருதானே அடிச்சேன்" என்றார் கமலக்கண்ணன். ஃபோர்மேன் குரல் எங்கோ போயிருந்தது.

"மோர் உங்களோடது சார். டியூப்லயும் வாஷர்லயும் ஒட்டியிருந்தது அவங்க காட்டு மருந்து" என்றாள் மோகனப்ரியா. "ஒரு செம்புத் தண்ணிக்கு அது போகாது. அதான் அவங்க கழுவறத நம்பாம தனி டேங்க்கே வெச்சிருக்காங்க." துணியை ஒரு கவரில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, போய் சோப்புப் போட்டுக் கை கழுவும்படி சொன்னாள்.

கை கழுவிவிட்டு வந்தவர் முனிவேலிடம் போய், மனசில் வைத்துக்கொள்ளாதே, நாளைக்கு வேலைக்கு வா என்று தணிந்த குரலில் சொன்னார். தோளில் கையும் போடப் பார்த்தார். முனிவேல் விலகிக்கொண்டான். பிள்ளையார் பக்கத்தில் இருந்த மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி வந்து அவர் முன்னால் வைத்து, சுவிட்சையும் போட்டான்.

"மைக்குல சொன்னத மைக்குலயே எடுத்துடுங்க சார். நாலு தெருவும் கேட்டுது. எம் பொண்ணு ஸ்கூல்லயும் கேட்டுது."

கமலக்கண்ணன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். காப்பாற்ற ஆளில்லை. பேச்சியம்மாள் மைக்கின் உயரத்தைக் கணவரின் வாய்க்குச் சரியாக இறக்கிவைத்தார். வசந்தா கார்டன் சங்கச் செயலாளர் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, செடியைக் கெடுத்தது முனிவேல் இல்லை, நான்தான், அறியாமல் செய்தேன், அறிந்துகொள்ளாமல் அவனைச் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்று முடித்தார். நாலு தெருவும் கேட்டது. இரண்டாவது தெருவிலிருந்து ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது. முனிவேலின் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். திருமலைக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூறல் என்று துடைத்துக்கொண்டார்.

சரோஜம்மாள் டேங்க்கில் மறுபடி கட்டுவதற்காகப் புதிதாகக் கிழித்த சிவப்புத் துணியை இடுப்பில் செருகியிருந்தார். பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்.

"அந்தத் துணிய இங்கன தாங்கக்கா."

வாங்கிக் கணவரின் வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஜவளகிரிக்காரர்கள் வாரில் போடுவதுபோல் இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு மைக் பக்கம் குனிந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. செவப்புத் துணி கட்டுனத யாரும் தொடக் கூடாதாம். இந்தக் கையி இனிமே எந்தத் தோட்டத்துப் பக்கம் வந்தாலும் வெரட்டி விடுங்க."

கொட்டகை குலுங்கியது. நாலைந்து நாளாக நிமிராமல் இருந்த முனிவேல் முதல் ஆளாகச் சிரித்தான். பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அந்த அருகம்புல்லைப் பிடுங்கிவிடலாம் என்று மகளோடு பேச்சியம்மாள் தோட்டத்துக்கு நடந்தான்.